மரகதம் சித்திக்கும் எனக்கும் இருந்தது

பத்தொன்பது வயதாகியும் நான் பெரியவளாகவில்லை. எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. சொந்தக்காரப் பெண்கள் யாராவது கேட்டால், "எங்க வீட்டுல அதெல்லாம் ஊரக் கூட்டிச் செய்றதில்லங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிப் பக்கம் போய்விடுவார். அது எப்போதோ சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிட்டது என்று அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள்.

என்னைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கூடப் படித்தவர்களைவிட நான் உயரம். மார்பு எல்லோரையும் போலவே வளர்ந்திருந்தது. முகத்தில் ஒரு பரு வந்ததில்லை. அதற்காக வகுப்பில் பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. அம்மா எள்ளுருண்டை பிடித்துத் தருவார், பப்பாசிப்பழம் வெட்டித் தருவார். நானும் எதையும் கேட்காமல் தின்றுவிடுவேன். எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பிலிமத்தலாவையில் அப்பாவுக்கு ஓர் இரும்புக்கடை. கடைக்குப் பின்னால்தான் வீடு. நான் பள்ளியில் ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டுக் கணக்கியல் வகுப்புக்காகக் கண்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலை பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அடிவயிற்றுக்குக் கீழே, வலது தொடை தொடங்கும் இடத்தில், யாரோ பிடித்து முறுக்குவதைப் போல வலித்தது. அங்கே சிறு கட்டி ஒன்று இருப்பது எனக்கு முன்பே தெரியும். இடது பக்கமும் ஒன்று இருந்தது. வெட்கத்தில் அம்மாவிடம் சொல்லவில்லை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கியவுடன் என்னால் நடக்க முடியவில்லை. அங்கிருந்த கடைக்காரர் ஒருவர் கதிரை போட்டு உட்கார வைத்து அப்பாவுக்குப் போன் பண்ணினார். கடையை அப்படியே பூட்டிவிட்டு அம்மாவும் அப்பாவும் வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

குடலிறக்கமாக இருக்கும் என்றார்கள். வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் இருந்தால், உள்ளே இருக்க வேண்டியது அதன் வழியாகத் தோலுக்கடியில் பிதுங்கி வருவதுதான் குடலிறக்கம். சின்ன ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்று பெண்கள் வார்ட்டில் கட்டில் கொடுத்தார்கள். அடுத்த நாள் ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. ஸ்கேன் எடுத்த இளம் டாக்டர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் சிங்களத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். கடைக்குப் பின்னால் வளர்ந்த எனக்குச் சிங்களம் தமிழைப் போலத்தான். "கருப்பை இல்லை" என்று ஒருவர் சொன்னார். "கட்டி குடலும் இல்லை" என்றார் மற்றவர். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வயிற்றில் பூசியிருந்த களிம்பு சில்லென்றிருந்தது. ஒன்றும் விளங்காதவளைப் போலவே எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலை, உடம்பில் சுரக்கும் ஓமோன் சம்பந்தமான நோய்களைப் பார்க்கும் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். பெயர் யோகேஸ்வரி. ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்கும் ஒருவர். அவருக்குப் பின்னால் மருத்துவ மாணவர்கள் ஒரு கூட்டமாக வந்து கட்டிலைச் சூழ்ந்தார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர்களிடம் திரும்பி, எல்லோரும் அடுத்த வார்ட்டுக்குப் போய் நில்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு மாணவர் தயங்கினார். "இண்டைக்கு இவவிட்ட நீங்கள் படிக்கிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார் டாக்டர். எல்லோரும் போனார்கள். அவரே திரையை இழுத்து மூடினார். அந்த நிமிடத்திலேயே அவர் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

என்னைப் பரிசோதித்து முடித்தபின் அம்மாவிடம் கேட்டார்: "உங்கட குடும்பத்தில வேற ஆருக்காவது மாதவிலக்கு வராமல் இருந்ததோ?"

அம்மா திரைத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"என் கடைசித் தங்கச்சிக்கு வரலிங்க" என்றார். "வந்துருச்சுன்னு சொல்லித் தண்ணி ஊத்தி, அப்படியே கல்யாணமும் பண்ணிக் குடுத்தோம். மூணு வருஷத்துல கொண்டாந்து விட்டுட்டாங்க."

எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். மரகதம் சித்தியைப் புருஷன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை, பிள்ளை இல்லை, அவ்வளவுதான் நாங்கள் அறிந்தது. சித்தி பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே, கூட வேலை செய்யும் பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். கல்யாணம் காட்சி என்றால் வருவார். வந்தவுடன் சமையற்கட்டில் போய்க் காய் வெட்ட உட்கார்ந்துவிடுவார். முன்னால் வந்து நிற்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சித்திக்கு அதுதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

நிறமூர்த்தப் பரிசோதனைக்காக என் இரத்தம் கொழும்புக்குப் போனது. உடம்பின் ஒவ்வொரு நுண்ணிய கலத்துக்குள்ளும் அதன் அமைப்பைச் சொல்லும் நூலிழைகள் இருக்கின்றன, அவற்றை எண்ணிப் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. முடிவு வரப் பல வாரங்கள் ஆகும், வீட்டுக்குப் போய் இருங்கள் என்றார்கள். வலி குறைந்திருந்தது. பயம் குறையவில்லை. புற்றுநோய் என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள், கருப்பை இல்லாதவள் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைப்பேன். அப்பா எதையும் கேட்கவில்லை. ஆனால் தினமும் கடையை அடைத்துவிட்டு வரும்போது எனக்குப் பிடித்த எதையாவது வாங்கி வந்தார். ஒரு நாள் ரம்புட்டான், ஒரு நாள் மீன் வைத்த மாலுபாண். கையில் கொடுக்க மாட்டார். மேசையில் வைத்துவிட்டு, "சுமதி, அங்க ஏதோ இருக்கு பாரு" என்பார்.

முடிவு வந்ததும் எங்களைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். சுவரோரமாகப் போட்டிருந்த நீண்ட வாங்குகளில் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் முதலில் அம்மாவை மட்டும் உள்ளே அழைத்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் வாசலோரம் இருந்ததால் கேட்டது.

"சில டாக்குத்தர்மார் இதைப் பிள்ளைக்கு முழுக்கச் சொல்லக்கூடாது எண்டு நினைக்கினம்" என்றார் டாக்டர். "எனக்கு அது சரியாப் படேல்லை. பத்தொன்பது வயது. இது அவட உடம்பு. ஆனா நீங்களும் பக்கத்தில இருந்தா அவவுக்குத் தாங்கும்."

அம்மா அழுதார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "எந் தங்கச்சிக்கு நாங்க ஒண்ணுமே சொல்லல. எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. அவ என்ன ஆனாள்னு பாத்துட்டேன். இவகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க டாக்டர். பாதியாச் சொல்ல வேணாம்."

அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஊர் வாய்க்குப் பயந்தே காலத்தைக் கழித்தவர். அன்று அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் எடுத்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த முடிவுதான் என்னைக் காப்பாற்றியது.

நான் உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் கதிரையை இழுத்து எனக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

"எல்லாப் பிள்ளையும் தாயிட வயித்தில முதல் சில கிழமை ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆணா வாறதுக்கும் பெண்ணா வாறதுக்கும் உள்ள அத்திவாரம் ரெண்டும் உள்ளுக்க கிடக்கும். பெரும்பாலும் பெண்களுக்கு எக்ஸ் எண்ட நிறமூர்த்தம் ரெண்டு. ஆண்களுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. விளங்குதோ?"

பள்ளிக்கூடத்து ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. தலையாட்டினேன்.

"உமக்கு ஒரு எக்ஸும் ஒரு வையும் இருக்கு."

அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "அப்ப நான் ஆம்பளையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நான் உம்மட உடம்பைப் பற்றித்தான் சொல்லுறன். நீர் ஆர் எண்டதை நீர்தான் சொல்லவேணும். முதல்ல உடம்பைக் கேளும்."

அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். வை இருப்பதால் என் உடம்புக்குள் பெண்ணுக்குரிய சூலகத்துக்குப் பதிலாக ஆணுக்குரிய விதைகள் உருவாகியிருக்கின்றன. குடலிறக்கம் என்று நினைத்த கட்டிகள் அவைதான். அவை இரண்டு ஓமோன்களை விடும். ஒன்று கருப்பையை வளரவிடாமல் நிறுத்துவது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. மற்றது உடம்பை ஆணுடம்பாக மாற்றுவது.

"அது வந்து தட்டினது. ஆனா உம்மட உடம்பில ஒரு கலத்துக்கும் அது கேக்கேல்லை. அதை வாங்கிற இடம் வேலை செய்யேல்லை. அதாலதான் நீர் வெளியில பெண்ணாவே வளர்ந்திருக்கிறீர். அந்த ஓமோனில ஒரு பங்கு பெண் ஓமோனா மாறும். மார்பு வந்தது அதால."

மாதவிலக்கு ஒருபோதும் வராது. பிள்ளை பெற முடியாது. கல்யாணம் கட்டலாம், விஷயத்தைச் சொல்லிக் கட்டினால் நல்லது. உள்ளே இருக்கும் விதைகளில் வயது போகப் போகக் கெட்ட கட்டி வரலாம் என்பதால் எடுத்துவிடுவது நல்லது, பிறகு ஓமோன் குளிசை விழுங்க வேண்டும். இப்போதெல்லாம் உடனே எடுக்காமல் கவனித்துக்கொண்டே இருப்பதும் உண்டு என்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது இதுதான். எனக்கோ வலியும் இருந்ததால் சம்மதித்தேன்.

ஆனால் வேறொரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் கடைக்குப் பின்னால் ஒழுங்கையில் பையன்களோடுதான் கிரிக்கெட் விளையாடுவேன். பொம்மை எனக்குப் பிடிக்காது. எல்லாம் இதனால்தானோ? அதைக் கேட்டபோது டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"என்ர தங்கச்சி பனைமரம் ஏறினவ. இப்ப அவவுக்கு மூண்டு பிள்ளையள்" என்றார். பிறகு கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுச் சொன்னார்: "இதில பெரிய சண்டையே இருக்கு, பிள்ளை. வளக்கிற விதத்திலதான் ஒரு ஆள் தன்னை ஆண், பெண் எண்டு உணருறது எண்டு ஒரு பகுதி சொல்லும். இல்லை, தாயிட வயித்துக்குள்ள ஓமோன் மூளையில போடுற அத்திவாரம்தான் எண்டு இன்னொரு பகுதி சொல்லும். ஒண்டு மட்டும் காணாது எண்டதுதான் என்ர எண்ணம். உம்மை வைச்சு அந்த வழக்கைத் தீர்க்க ஏலாது. உம்மட உடம்புக்கு அந்த ஓமோன் கேக்கவும் இல்லை, உம்மைப் பெண்ணா வளர்த்தும் இருக்கினம். ரெண்டும் ஒரே பக்கம். வேற ஆக்களுக்கு உடம்பு ஒண்டு சொல்லும், மனம் வேற சொல்லும். அவையிட்டையும் கேக்கத்தான் வேணும். நாங்கள் தீர்மானிக்க ஏலாது. இப்ப நீர் சொல்லும்."

எக்ஸ், வை எல்லாவற்றையும் கேட்ட பிறகும் எனக்குள் எதுவும் இடம் மாறியிருக்கவில்லை. காலையில் அறையைவிட்டு வெளியே வந்த அதே சுமதிதான் அங்கே உட்கார்ந்திருந்தாள். "நான் பொண்ணுதான் டாக்டர்" என்றேன்.

"ஓம்" என்றார் அவர்.

அம்மாவுக்கு வேறு கவலை. "இது என்கிட்டருந்துதான் வந்துச்சுங்களா?" என்று கேட்டார். டாக்டர் மழுப்பவில்லை. உங்கள் எக்ஸ் ஒன்றில் இந்த மாற்றம் இருந்திருக்கும், அது உங்கள் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும், யாரும் தெரிந்து கொடுத்ததில்லை என்றார். அப்பா வெளியே நின்றிருந்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "புள்ள உசுருக்கு ஒண்ணுமில்லையே?" இல்லை என்றதும் தலையாட்டிவிட்டு, எங்களுக்குப் பசிக்குமே என்று மார்க்கட் பக்கம் சோறு பார்சல் வாங்கப் போய்விட்டார்.

என் ஆபரேஷனுக்குப் பிறகு என்னைப் பார்த்துக்கொள்ளச் சித்தி லீவு போட்டு வந்தார். என் தலையைச் சீவிவிட்டார், முகம் துடைத்துவிட்டார், கஞ்சியை ஆற்றி ஊட்டினார். என்ன நோய் என்று அவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அம்மா வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார். எக்ஸ், வை என்று அம்மாவுக்கு வந்த மாதிரி சொன்னார். இடையில் தவறிய இடங்களை நான் திருத்தினேன்.

"டாக்டரு உன்னையும் பாக்கணும்னாங்க மரகதம்."

"முப்பத்தாறு வயசாச்சு. இப்ப தெரிஞ்சு என்னக்கா ஆகப்போகுது?"

நான்தான் சொன்னேன், உள்ளே கட்டி வரலாம், பார்த்துவிடுவது நல்லது என்று. சித்தி ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது, "அப்ப வயித்துல ஒரு பக்கம் கனமா இருக்கே, அது என்னன்னு பாக்கச் சொல்லு" என்றார். எத்தனையோ மாதமாக அந்தக் கனத்தோடு மெஷினில் உட்கார்ந்து தைத்திருக்கிறார்.

டாக்டர் சித்தியைப் பரிசோதித்த அறையில், சித்தி கேட்டுக்கொண்டதால், நானும் இருந்தேன். சித்திக்கும் எனக்கும் ஒன்றேதான். ஆனால் அவருக்கு உள்ளே ஒரு பக்கத்தில் நிஜமாகவே ஒரு கட்டி வளர்ந்திருந்தது. எனக்குச் சொன்ன அதே நிதானத்தோடு டாக்டர் சித்திக்கும் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், என்னிடம் கேட்டதைப் போலவே கேட்டார்: "நீங்கள் உங்களை எப்பிடி உணருறீங்கள்?"

சித்தி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க மாமியா நீ பொம்பளையே இல்லன்னாங்க. அவரும் அதையேதான் சொன்னாரு. எங்க வீட்டுல வாயால சொல்லல, ஆனா அப்படித்தான் வச்சிருந்தாங்க. எல்லாரும் இல்லன்னு சொல்லியும் எனக்கு மட்டும் ஒரு நாளும் அப்படித் தோணலிங்க டாக்டர். நான் பொம்பளையாத்தான் இருந்தேன்."

டாக்டர் தன் மேசையிலிருந்த தண்ணீரைச் சித்திக்குக் கொடுத்தார். வளர்ப்பு ஒரு ஆளை என்னவாக ஆக்கும் என்று அவர் எனக்குச் சொன்னதை நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தியைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பதினைந்து வருடமாக அவருக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் தனியாளாக, யாருடனும் சண்டை போடாமல், அதை ஏற்காமலே இருந்திருக்கிறார்.

சித்திக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் தேறியிருந்தேன். இந்தமுறை நான்தான் கூட இருந்தேன். தியேட்டர் வாசலில் அம்மா வாங்கில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கட்டியை எடுத்துச் சோதித்ததில் கெட்டது இல்லை என்று வந்தது. அதைச் சொல்ல டாக்டர் யோகேஸ்வரி தானே நடந்து வார்ட்டுக்கு வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் நேரத்தில், சித்தியோடு வேலை செய்யும் பெண்கள் ஒரு பெரிய பையில் பழங்களோடு வந்தார்கள். தமிழும் சிங்களமுமாக ஆறேழு பேர். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எல்லோருக்கும் மூத்தவள் நில்மினி, தையல் வரிசைக்குப் பொறுப்பாக இருப்பவள். "என்ன ஆபரேஷன் மரகதம்?" என்று அவள் சிங்களத்தில் கேட்டாள்.

என்னிடம் யார் கேட்டாலும் குடலிறக்கம் என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். சித்திக்கும் அதையே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சித்தி எனக்கு முந்திக்கொண்டார். தலையணையில் சாய்ந்துகொண்டு, ஒரு வசனம் சிங்களத்திலும் ஒரு வசனம் தமிழிலுமாக, தனக்குப் பிறந்ததிலிருந்தே கருப்பை இல்லை என்றும், உள்ளே இருந்தது ஆணுக்கு இருக்கிறது போன்றது என்றும், அதில் கட்டி வந்ததால் எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். "மாசமாசம் வர்றது எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்ல. வந்த மாதிரி பொய் சொல்லிட்டு இருந்தேன். இனிமே சொல்ல மாட்டேன்" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள். நில்மினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சித்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாங்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு போட, ஒவ்வொரு மாசமும் லீவே போடாதவர்களுக்குத் தரும் படியை நீ மட்டும் வாங்கிக்கொண்டு போனாயே, அதன் ரகசியம் இதுதானா?" என்றாள்.

ஒருத்தி பக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார், வயிற்றை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மிஸ் என்று நாங்கள் கூப்பிடும் தாதி மேசையிலிருந்து எழுந்து வந்து, இது ஆஸ்பத்திரியா சந்தையா என்று அதட்டினார்.

"சிரிக்க வைக்காதீங்கடி, தையல் இழுக்குது" என்றார் சித்தி. பிறகு என்னைப் பார்த்து, "சுமதி, அந்தப் பழத்த வெட்டு. எல்லாருக்கும் குடு, மிஸ்ஸுக்கும் குடு" என்றார்.